மேப்பிள் பாகு காய்ச்சும் தட்டுக்குக் குழாயும் வால்வும்: அளவெடுப்பது முதல் பூட்டிக் கழுவுவது வரை

வீட்டிலேயே தட்டு செய்து, மேப்பிள் மரத்தின் சாற்றைச் சுண்டவைத்துப் பாகு காய்ச்சக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது வால்வைத்தான். வால்வு கைக்கு வந்ததும் அதற்கேற்பத் தட்டில் துளை போட்டுவிடுகிறார்கள். பிறகு தட்டை அடுப்பின்மேல் ஏற்றிப் பார்த்தால் கைப்பிடி செங்கல்லில் இடிக்கிறது. இல்லையென்றால் வால்வுக்கடியில் வாளி நுழையவில்லை, அதுவும் இல்லையென்றால் மரை பொருந்தவில்லை. வால்வு கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவற்றை அவை வர வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

கணக்குக்கு 2 அடி அகலம், 4 அடி நீளம் உள்ள தட்டை எடுத்துக்கொள்கிறேன். விறகடுப்பு, தட்டில் சாறு 5 செ.மீ. ஆழம். கனடாவின் ஒன்ராறியோவிலோ அமெரிக்காவின் வெர்மான்டிலோ வீட்டுத் தேவைக்குக் காய்ச்சுகிறவருக்கு இது நியாயமான அளவு. ஹோட்டல்களில் சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டு இரண்டை வைத்துக் காய்ச்சுகிறவருக்கு வால்வே தேவையில்லை. கரண்டியும் பொறுமையும் போதும்.

1. காகிதத்தில் கணக்கு: எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே

மேப்பிள் சாற்றில் சர்க்கரை பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 86 என்ற எண்ணைச் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று தெரியும். 2 சதவீதச் சாறு என்றால் 43 லிட்டர்.

தட்டையான அடிப்பாகம் உள்ள தட்டு, நன்றாக எரியும் தீயில், ஒரு சதுர அடிக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு அமெரிக்க கேலன், அதாவது 3.8 லிட்டர் ஆவியாக்கும். நம் தட்டு 8 சதுர அடி. ஆக மணிக்கு 30 லிட்டர் ஆவியாகும், முக்கால் லிட்டர் அளவுக்குப் பாகு கிடைக்கும்.

இந்த இரண்டு எண்களிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. தட்டுக்குள் வர வேண்டிய சாறு நிமிடத்துக்கு அரை லிட்டர்தான். சமையலறைக் குழாயை மெல்லத் திறந்தால் விழும் மெலிந்த தாரை அளவு. வெளியேறும் வழிக்கு வேறு கணக்கு. அடிப்பிடிக்கப் போகிறது என்று தெரிந்தால் தட்டிலிருப்பது முழுவதையும் சட்டென்று இறக்கியாக வேண்டும். எனவே உள்வழி சிறியதாகவும் வெளிவழி பெரியதாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஜோடியாக வால்வு வாங்குவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு.

2. வெளியேறும் குழாயின் அளவு

5 செ.மீ. ஆழத்தில் நம் தட்டில் ஏறக்குறைய 37 லிட்டர் நிற்கும். அதைத் தள்ளும் அழுத்தமோ வெறும் 5 செ.மீ. நீர்மட்டம்தான். தட்டு காலியாகக் காலியாக அதுவும் குறைந்துகொண்டே வரும்.

கணக்குப் போட்டால், அரை அங்குல வழியில் தட்டு காலியாக 16 நிமிடத்துக்கு மேல் ஆகும். முக்கால் அங்குலத்தில் 7 நிமிடம், ஒரு அங்குலத்தில் 4 நிமிடம். எல்போவும் (வளைவு இணைப்பு) நிப்பிளும் (இரு முனையிலும் மரை உள்ள சிறு குழாய்த் துண்டு) சேரும்போது இன்னும் கொஞ்சம் கூடும். அடுப்பில் தீ தகிக்கும்போது 16 நிமிடம் என்பது தட்டைப் பறிகொடுக்கும் நேரம்.

இந்த அளவுத் தட்டுக்கு என் பரிந்துரை முக்கால் அங்குலம். 2 அடிக்கு 2 அடித் தட்டானால் அரை அங்குலம் தாராளம். ஒரு அங்குலம் வைத்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் விலை ஏறும், எடையும் கூடி மெல்லிய சுவரை இழுக்கும்.

3. எந்த உலோகம்

சாறு நாற்பது மடங்கு சுண்டுகிறது என்பதை மறக்க வேண்டாம். சாற்றில் மிகச் சிறிதளவு கரைந்தது எதுவானாலும் பாகில் செறிந்து நிற்கும். குடிநீர்க் குழாய்க்குப் பரவாயில்லை என்று விடுகிற உலோகத்தை இங்கே அப்படி விட முடியாது.

தட்டோடு சேரும் எல்லாமே 304 தர எவர்சில்வராக இருக்கட்டும். 316 இன்னும் நல்லது, ஆனால் இந்த வேலைக்கு அவசியமில்லை.

பழைய பித்தளை வால்வு கிடங்கில் கிடக்கிறது என்று எடுத்துவராதீர்கள். அமெரிக்காவில் 2014 ஜனவரிக்கு முன்பு, 8 சதவீதம் வரை ஈயம் கலந்த பித்தளையையும் ‘ஈயமற்றது’ என்ற பெயரில் குடிநீர்க் குழாய்க்கு விற்க முடிந்தது. அதன் பிறகுதான் நீர் படும் பரப்பில் சராசரி 0.25 சதவீதம் என்று வரம்பு வந்தது. வால்வின் வயது தெரியாவிட்டால் அது தோட்டத்துக்கு.

துத்தநாகம் பூசிய இரும்பு (ஜி.ஐ.) இணைப்புகள் மலிவானவை, கையருகே கிடைப்பவை, இங்கே ஆகாதவை. சூட்டில் துத்தநாகம் பாகுக்குள் இறங்கும். பூச்சில்லாத கறுப்பு இரும்பு துருச்சுவை தரும். செம்புக் குழாயைச் சாறு ஓடிக்கொண்டே இருக்கும் முன்சூடாக்கிக்கு (சாறு தட்டில் விழுமுன் அதைச் சூடாக்கும் சுருள்) வைக்கலாம், ஆனால் பற்றவைப்பு ஈயமற்றதாக இருக்க வேண்டும். பாகு தேங்கும் இடத்தில் செம்பு வேண்டாம். பி.வி.சி. 60 டிகிரி செல்சியஸை எட்டும்போதே இளகிவிடும். தொட்டியிலிருந்து குளிர்ந்த சாறு வரும் வழியோடு அதன் வேலை முடிந்தது. சூடான பக்கம் நெகிழ்குழாய் தேவைப்பட்டால் உணவுத் தர சிலிக்கோன் மட்டுமே.

4. மரையைப் பாருங்கள், அளவை மட்டும் பார்க்காதீர்கள்

இந்தியாவிலும் இலங்கையிலும் குழாய்க் கடையில் கிடைப்பது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் தர மரை. அமெரிக்காவிலும் கனடாவிலும் என்.பி.டி. என்ற அமெரிக்கத் தர மரை. இணையத்தில் மலிவாக வாங்கும் எவர்சில்வர் வால்வுகள் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பெட்டியின் மேல் ‘முக்கால் அங்குலம்’ என்று மட்டும் போட்டிருக்கும்.

அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு வகைக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும். ஆனால் மரையின் கோணம் என்.பி.டி.யில் 60 டிகிரி, பி.எஸ்.பி.யில் 55 டிகிரி. போகப் போக இறுகி நின்றுவிடும், மரையில் டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் கசியும். இறுக்க இறுக்கக் கசிவு கூடுகிறதென்றால் டேப்பைக் குறை சொல்லாமல் மரையைச் சந்தேகியுங்கள். விற்பனைப் பக்கத்தில் எந்த மரை என்று எழுதியிராவிட்டால் கேட்டு, பதில் வந்த பிறகு வாங்குங்கள்.

தட்டை அடிக்கடி கழற்றுவீர்கள் என்றால் மரையை விட்டுவிட்டு டிரை-கிளாம்ப் இணைப்புக்குப் போவது நல்லது. பால் பண்ணைகளில் பயன்படும் இந்த இணைப்பை ஸ்பேனர் இல்லாமல் கழற்றலாம், உள்ளே அழுக்குத் தங்கும் மரை கிடையாது. இதில் ஒரு அங்குலக் குழாய்க்கும் ஒன்றரை அங்குலக் குழாய்க்கும் விளிம்பு ஒரே 50.5 மி.மீ. விட்டம்தான். குழாய் மாறினாலும் கிளாம்ப் மாறாது. விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

5. துளை எங்கே

தட்டை அடுப்பின்மேல் வைத்து, பென்சிலால் குறித்த பிறகே துளை. பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது தீ. வெளியேறும் குழாயின் எந்தப் பகுதியும் தீயின் மேலோ தீ நக்கும் இடத்திலோ இருக்கக் கூடாது. தட்டில் பாகு நகர்ந்துகொண்டிருக்கும், குழாய்க்குள் அசையாமல் நிற்கும். அசையாத பாகு சூட்டில் முதலில் கருகும். குழாய் அடுப்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் செராமிக் கம்பளி சுற்றுங்கள். வால்வு சுவருக்கு வெளியே வரும்படி 4 முதல் 6 அங்குல நிப்பிள் போடுங்கள்.

இரண்டாவது உயரம். வால்வின் வாய்க்குக் கீழே உங்கள் வாளி நேராக நிற்க வேண்டும். சாய்த்துப் பிடித்த வாளியில் 104 டிகிரிப் பாகை வாங்குவது கையைச் சுட்டுக்கொள்ளும் வேலை. வாளியை நிறுத்தி அளந்து பாருங்கள்.

மூன்றாவது, தட்டின் அடிமட்டம். பக்கச் சுவரில் கப்ளிங்கை (உள்ளே மரை உள்ள இணைப்புக் குழல்) தட்டின் தரையை ஒட்டி வைத்தாலும், அதன் சுவர்த் தடிமனும் வெல்டுக்கான இடமும் சேர்ந்து, குழாயின் உள்வாய் தட்டின் தரையிலிருந்து ஏறக்குறைய 8 மி.மீ. மேலேதான் இருக்கும். எட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நம் தட்டின் பரப்பில் அது ஏறக்குறைய 6 லிட்டர். முழு நாள் உழைப்பின் பாகு வெளியே வராமல் உள்ளே நிற்கும். தட்டை வால்வுப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் சாய்வாக வைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கு மேல் சாய்த்தால் மறுமுனையில் ஆழம் குறைந்து அங்கே கருகும். தட்டை அடுப்பைவிட 10 செ.மீ. நீளமாகச் செய்து, தீக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பகுதியின் அடியில் துளை போடுவது இன்னும் நல்ல வழி. முழுவதும் வடியும். புதிதாகத் தட்டு செய்யச் சொல்பவர்கள் இதையே கேட்டு வாங்குங்கள்.

6. வெல்டிங்கா, நட்டா

வீட்டுத் தட்டுகள் பெரும்பாலும் 20 அல்லது 18 கேஜ் தகடு. 20 கேஜ் எவர்சில்வர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அதில் மரை வெட்ட முடியாது. வழி இரண்டுதான்.

வெல்டிங் என்றால் அரைக் கப்ளிங் ஒன்றை வெளிப்பக்கம் வைத்து டிக் (TIG) வெல்டிங் செய்ய வேண்டும். பின்பக்கத்துக்கும் ஆர்கான் வாயு கொடுக்கிறாரா என்று வெல்டரிடம் கேளுங்கள். கொடுக்காவிட்டால் உள்பக்கம் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும், அதில் படிவது தேய்த்தாலும் போகாது. இன்னொன்று: வால்வைப் பூட்டிய நிலையில் வெல்ட் செய்ய விடாதீர்கள். உள்ளே கசிவைத் தடுக்கும் டெஃப்லான் வளையம் வெந்துவிடும்.

நட்டு என்றால், வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் பாத்திரத்தில் பூட்டும் சுவர் இணைப்பு. துளையின் இருபுறமும் நட்டு, இடையில் கசிவைத் தடுக்கும் சிலிக்கோன் வளையம் (ஓ-ரிங்). அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., எனவே 22 மி.மீ. துளை சரியாக இருக்கும். முக்கால் அங்குலத்துக்கு வெளிவிட்டம் 26.7 மி.மீ. படிப்படியாக விரியும் துளையிடும் முனையை எண்ணெய் விட்டு, மெதுவாகச் சுற்றவிட்டு, நன்றாக அழுத்துங்கள். வேகமாகச் சுற்றி லேசாக அழுத்தினால் எவர்சில்வர் அந்த இடத்திலேயே கெட்டிப்பட்டு முனையை மழுக்கிவிடும்.

நட்டு முறையில் ஒரு நிபந்தனை உண்டு. ஓ-ரிங் இருக்கும் சுவர்ப்பகுதி எப்போதும் சாற்றில் நனைந்தே இருக்க வேண்டும். சாறு இருக்கும்வரை உலோகம் 104 டிகிரியைத் தாண்டாது. மட்டம் இறங்கிவிட்டால் தீயருகே இருக்கும் சுவரின் சூடு சிலிக்கோன் தாங்கும் அளவைத் தாண்டும். விறகடுப்புக்கு வெல்டிங், வாயு அடுப்புக்கு நட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

7. இப்போது வால்வு

பால் வால்வு, அதாவது துளையுள்ள பந்து ஒன்று உள்ளே சுழலும் வால்வு (ball valve) வாங்குங்கள். கால் சுற்றில் திறந்து மூடலாம், திறந்திருக்கிறதா என்பது தூரத்திலிருந்தே கைப்பிடியைப் பார்த்தால் தெரியும். உள்ளே பலகை ஏறி இறங்கி மூடும் கேட் வால்வின் பள்ளங்களில் சர்க்கரை மணல் எனப்படும் கால்சியம் மாலேட் படிவு சேர்ந்து, சரியாக மூட விடாது.

முழுத்துளை வால்வா என்று பாருங்கள். சாதாரணத் துளை வால்வில் பந்தின் துவாரம் குழாயைவிடச் சிறியது. அரை அங்குலக் குழாய்க்கு அது 9 மி.மீ. அளவுக்குக்கூடக் குறைந்திருக்கும். இரண்டாம் பகுதியில் போட்ட கணக்கெல்லாம் வீணாகும்.

மூன்று துண்டாகக் கழலும் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். போல்ட்டுகளை எடுத்தால் நடுப்பகுதி தனியாக வந்துவிடும், குழாயை அசைக்காமலேயே கழுவலாம். ஒரு துண்டு வால்வின் பந்துக்குப் பின்னால் தங்கும் பாகை எடுக்க வழியே இல்லை. வால்வில் பொறித்திருக்கும் 1000 என்ற அழுத்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 5 செ.மீ. நீர்மட்டத்துக்கு அது பொருட்டே அல்ல.

கைப்பிடி எந்தப் பக்கம் சுழல்கிறது, சுழலும்போது எதில் இடிக்கிறது என்று பாருங்கள். அதன் பிளாஸ்டிக் உறை அடுப்பருகே உருகினால் கழற்றிவிட்டு வெறும் உலோகத்தைக் கையுறையோடு பிடிப்பதே மேல்.

8. சாறு வரும் பக்கம்

நிமிடத்துக்கு அரை லிட்டரைப் பால் வால்வால் நிதானமாக விட முடியாது. இம்மி அசைத்தால் பாயும், இம்மி பின்வாங்கினால் நிற்கும். கால் அங்குல அல்லது 3/8 அங்குல ஊசி வால்வு (ஊசிமுனை நகர்ந்து வரத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்துவது) வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி. மரப்பட்டைத் தூள் ஒன்று போதும் ஊசியின் வாயை அடைக்க, அது யாரும் கவனிக்காத நேரத்தில்தான் நடக்கும்.

தொட்டியில் சாறு குறையக் குறைய வரத்தும் குறையும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தொட்டி மட்டம் தட்டுக்கு மேல் 100 செ.மீ. இருந்தது 50 ஆனால், அதே வால்வுத் திறப்பில் வரத்து 70 சதவீதமாகிவிடும். ஒரு மணி நேரம் நீங்கள் வேறு வேலைக்குப் போனால் தட்டில் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். மிதவை வால்வு இதைச் சரிசெய்யும். ஆனால் கழிப்பறைத் தொட்டிக்குரிய பிளாஸ்டிக் மிதவை கொதிக்கும் தட்டுக்குள் ஆகாது. எவர்சில்வர் மிதவையைத் தட்டோடு இணைந்த சிறு பெட்டிக்குள் வையுங்கள்.

புகைபோக்கியைச் சுற்றிச் செம்புச் சுருள் வைத்துச் சாற்றைச் சூடாக்கி விடுவது நல்ல யோசனை. குளிர்ந்த சாறு விழுந்தால் அந்த மூலையில் கொதி அடங்கிவிடும். ஆனால் வால்வு சுருளுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். சுருளுக்குப் பின்னால் வால்வு வைத்து இரண்டு பக்கமும் மூடிவிட்டால், உள்ளே தங்கிய சாறு நீராவியாகிக் குழாயைப் பிளக்கும். சுருளின் தட்டுப் பக்க முனை எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

9. வெப்பமானிக்கு ஒரு துளை

வெளியேறும் வழிக்கு அருகிலேயே, அதே மட்டத்தில் வையுங்கள். அதன் தண்டு முழுவதும் நனைந்திருக்காவிட்டால் அது ஆவியின் சூட்டைத்தான் காட்டும். அன்று தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பாகு பதம். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதால், ‘104’ என்று மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொரு நாளும் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாருங்கள்.

10. பூட்டும் வரிசை

கையருகே வேண்டியவை: இரண்டு ஸ்பேனர், டெஃப்லான் டேப், கந்தல் துணி. புதிய இணைப்புகளில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். மூன்று துண்டு வால்வைப் பிரித்து, எல்லாவற்றையும் சோப்பு நீரில் கழுவி, சமையல் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவிட்ட பிறகே பூட்டுங்கள்.

எவர்சில்வர் மரையோடு எவர்சில்வர் மரை உரசினால் சிக்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். டேப் கசிவைத் தடுப்பதோடு இந்தச் சிக்கலையும் தடுக்கிறது. மரை முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் திசையில் மூன்று சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். முதல் மரையில் டேப் படாமல் விடுங்கள், இல்லாவிட்டால் துணுக்குகள் பாகில் மிதக்கும்.

தட்டிலிருந்து வெளியே என்ற திசையில் பூட்டுங்கள்: கப்ளிங், நிப்பிள், யூனியன் (நடுவில் பிரித்துக் கழற்றக்கூடிய இணைப்பு), வால்வு. யூனியன் இல்லாமல் போட்டால் வால்வைக் கழற்ற மொத்தத்தையும் சுற்ற வேண்டியிருக்கும். கையால் இறுகும்வரை சுற்றிவிட்டு, ஸ்பேனரால் ஒன்றரை சுற்று. ஒரு ஸ்பேனர் கப்ளிங்கைப் பிடித்திருக்க, மற்றொன்றால் திருகுங்கள். பிடிக்காமல் திருகினால் முறுக்கு முழுவதும் மெல்லிய தகட்டுக்குப் போய் வெல்டை விரிசலாக்கும். கடைசியில் வால்வுக்கு அடியில் ஒரு தாங்கி கொடுங்கள்.

11. சாறுக்கு முன் தண்ணீர்

குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் உலர்ந்த காகிதம் வைத்துப் பாருங்கள். பிறகு கொதிக்கவிட்டுப் பாருங்கள். குளிரில் கசியாதது சூட்டில் உலோகம் விரியும்போது கசியலாம். வடியும் நேரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மட்டத்தில் அபாயம் என்று தீர்மானிக்க அந்த எண்தான் உதவும்.

12. காய்ச்சும் நாட்களில்

வால்வைத் திறந்ததும் முதலில் வருவது பாகு அல்ல, நிப்பிளுக்குள் தேங்கி நின்ற அரைகுறைச் சாறு. முதல் கோப்பையைத் திரும்பத் தட்டிலேயே ஊற்றுங்கள். அதை அளந்து பார்த்துவிட்டுப் பதம் வரவில்லை என்று இன்னும் காய்ச்சி, தட்டிலிருப்பதைக் கருகவிட்டவர்கள் உண்டு.

மார்ச் இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். தட்டைக் காலி செய்து வால்வை மூடினால் பந்துக்கும் உடலுக்கும் இடையே கொஞ்சம் தண்ணீர் சிறைப்பட்டு, உறைந்து, வால்வின் உடலைப் பிளந்துவிடும். இரவில் கைப்பிடியைப் பாதித் திறந்த நிலையில் விடுங்கள். ஊசி வால்வையும் அப்படியே.

பருவம் முடிந்ததும் படிவு கரைய வினிகர் கலந்த தண்ணீரை ஊறவிட்டு, வால்வைப் பிரித்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளோரின் கலந்த பிளீச் வேண்டாம், எவர்சில்வரில் குழி விழும். ஓ-ரிங், கேஸ்கெட் இரண்டும் ஒரு பருவம் உழைத்தவை. அவற்றின் அளவை ஒரு சீட்டில் எழுதி, புதியது ஒரு ஜோடி வாங்கி அதே பையில் போட்டு வையுங்கள். சாறு ஓடத் தொடங்கிய வாரத்தில் தேடினால் கிடைக்காத அளவுதான் உங்களுக்குத் தேவைப்படும்.